தவிட்டோடு போகும் பலம்: விற்றமின் ‘பி’ பற்றிய ஒரு பாடம்

வயலைப் பிரிந்து வந்த குடும்பத்துக்கு முதற் கவலை வயிறு நிறையுமா என்பதே. அரிசி கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் பட்டினி கிடக்கலாம். சோறு போதிய அளவு உண்டும் கால்கள் சோர்கின்றன, வாயோரம் வெடிக்கிறது, தாய்க்கு இரத்தம் குறைகிறது, பாற்குடிக் குழந்தையின் அழுகுரல் அடைக்கிறது. இவை வரும்போது நாம் காலநிலையையோ கவலையையோ காரணம் சொல்கிறோம். காரணம் சட்டியிலும் இருக்கலாம் என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் எமக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1990ஆம் ஆண்டின் யுத்தம், 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை, 2006–2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் நேர்ந்த இடப்பெயர்வு, 2011ஆம் ஆண்டின் பெருவெள்ளம் என ஒன்றன்பின் ஒன்றாக மக்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினர். இன்றும் வெள்ளத்தாலோ, காணி கைக்கு வராததாலோ, உறவினர் வீட்டிலும் புதிய இடங்களிலும் தங்கி வாழும் விவசாயக் குடும்பங்கள் உண்டு.

இவ்வாறு பெயரும்போது நாம் விட்டு வருவது நிலத்தை மட்டுமன்று. அவித்துக் குற்றிய வீட்டு நெல், முற்றத்துக் கோழி, பட்டியில் கறந்த பால், வேலியோர முருங்கை, சேனையில் விளைந்த கச்சானும் கௌபியும், குளத்து மீன் ஆகிய யாவும் பின்னே நின்றுவிடுகின்றன. அவற்றின் இடத்தில் வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி, கொஞ்சம் பருப்பு, தேயிலை என்பன வருகின்றன. வயிறு நிறைகிறது. ஆனால் விற்றமின் ‘பி’ பெருமளவு குறைந்துவிடுகிறது.

விற்றமின் ‘பி’ என்பது என்ன?

அடுப்பில் விறகை அடுக்கினால் மட்டும் சோறு வேகாது. பற்ற வைக்க நெருப்பு வேண்டும். அரிசியும் மாவும் சீனியும் உடலுக்கு விறகு போன்றவை. அவற்றை எரித்துப் பலமாக மாற்றுவதற்குத் துணைநிற்பவை பி வகை விற்றமின்கள். இது ஒரு பொருளல்ல, எட்டுப் பொருள்களைக் கொண்ட ஒரு குடும்பம். அவற்றுள் நாம் முக்கியமாக அறியவேண்டியவை ஐந்து: தயமின் என்னும் பி1, றைபோபிளேவின் என்னும் பி2, நியாசின் என்னும் பி3, போலிக் அமிலம், பி12 ஆகியன.

இவற்றின் இரண்டு இயல்புகளை மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இவை நீரிற் கரைபவை. கழுவி ஊற்றும் நீரோடும் வடித்து ஊற்றும் கஞ்சியோடும் இவை வெளியேறிவிடும். இரண்டாவது, பி12 தவிர ஏனையவற்றை உடல் நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. குறிப்பாகத் தயமின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களிலேயே தீர்ந்துவிடும். ஆகவே இடம்பெயர்ந்து ஒரு மாதம் கடப்பதற்குள்ளேயே குறைபாடு தலைகாட்டலாம்.

கோழிகளிடமிருந்து கற்ற பாடம்

தயமின் குறைவால் வரும் நோய்க்கு ‘பெரிபெரி’ என்று பெயர். இது சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்றும் ‘முடியவில்லை, முடியவில்லை’ என்பது அதன் பொருள் என்றும் கூறுவர். நோயாளியின் நிலையை நினைத்தால் பெயர் பொருத்தமே.

1890ஆம் ஆண்டளவில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா நகரில், கிறிஸ்தியான் எயிக்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் இந்நோயை ஆராய்ந்தார். அவர் வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழத் தொடங்கின. அப்போது அவற்றுக்கு இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்தது. பின்னர் வந்த புதிய சமையற்காரர் இராணுவத்தின் சோற்றைக் கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்தார். வேறு வழியின்றித் தீட்டாத அரிசி போடப்பட்டது. கோழிகள் குணமடைந்தன. தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டில் உயிருக்கு அவசியமான ஏதோ ஒன்று இருக்கிறது என்ற உண்மை இவ்வாறு வெளிவரத் தொடங்கியது. எயிக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

எம்மவரைப் பற்றிய சாட்சியும் உண்டு. 1900களின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பல இனத் தொழிலாளர் வேலை செய்தனர். சீயத்திலிருந்து வந்த தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரியால் மாண்டனர். அதே நாட்டில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிது. அவர்கள் உண்டது புழுங்கல் அரிசி. வைத்தியர் பிரெடன் 1907இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் வைத்தியர் பிளெச்சர், ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசியும் மற்றப் பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துச் சோதித்தார். பச்சையரிசி உண்டவர்களிடையே நோயும் மரணமும் பெருகின. புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினர்.

நெல்லை அவிக்கும்போது என்ன நடக்கிறது?

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள விற்றமின்கள் நீரிற் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊறுகின்றன. அவித்த சூட்டில் உள்ளிருக்கும் மாப்பொருள் இறுகி அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் ஆலையிற் கொடுத்துத் தவிட்டை நீக்கினாலும் உள்ளே சென்றது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. பச்சை நெல்லைத் தீட்டினாலோ தவிட்டோடு எல்லாம் போய்விடுகிறது.

இந்திய உணவு அட்டவணைகள் தரும் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.1 முதல் 1.2 மில்லிகிராம் தயமின் தேவை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 1.4 மில்லிகிராம் தேவை. சமைக்குமுன் 400 கிராம் அரிசியில் உள்ள தயமின் வருமாறு:

ஆலையில் தீட்டிய பச்சையரிசி: 0.24 மில்லிகிராம்.
கையாற் குற்றிய பச்சையரிசி: 0.84 மில்லிகிராம்.
ஆலையில் தீட்டிய புழுங்கல் அரிசி: 0.84 மில்லிகிராம்.
கையாற் குற்றிய புழுங்கல் அரிசி: 1.08 மில்லிகிராம்.

ஒரே நிறை, ஒரே பசியாறல். ஆனால் முதலாவதில் இருப்பது கடைசியில் இருப்பதன் நாலில் ஒரு பங்கைவிடவும் குறைவு. கழுவும்போதும் வடிக்கும்போதும் அதிலும் ஒரு பகுதி போய்விடும். உரலையும் உலக்கையையும் நெல் அவிக்கும் பானையையும் வைத்திருந்த எம் பாட்டிமார் விற்றமின் என்ற சொல்லை அறியாமலே குடும்பத்தைக் காத்தார்கள் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

குறைபாட்டின் அடையாளங்கள்

பி1 (தயமின்): பசியின்மை, களைப்பு, கால் விறைப்பு, உள்ளங்கால் எரிவு, கெண்டைக்கால் நோவு என்பன முதலில் தோன்றும். குந்தியிருந்தவர் கையூன்றாமல் எழும்ப முடியாமற் போவது கவனிக்கவேண்டிய அடையாளம். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இருதயம் பலவீனமடையும். சாராயமோ கசிப்போ தொடர்ந்து குடிப்பவர்களுக்கு இக்குறை விரைவில் வரும், மூளையையும் தாக்கும்.

மிகவும் அஞ்சவேண்டியது பாற்குடிக் குழந்தைக்கு வரும் பெரிபெரி. தாயின் உடலில் தயமின் இல்லாவிட்டால் பாலிலும் இராது. தாய் ஓரளவு நலமாகவே தோன்றுவாள். இரண்டு மூன்று மாதக் குழந்தையோ பால் குடிக்க மறுக்கும், வாந்தியெடுக்கும், அழும்போது சத்தம் கம்மும் அல்லது வாய் திறந்தும் சத்தமே வராது, மூச்சுத் திணறும். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். தாய்லாந்து எல்லையில் இருந்த கரேன் அகதி முகாமில் நிகழ்ந்த சிசு மரணங்களுக்கு இதுவே பெருங்காரணம் என்று ஆய்வாளர் கண்டறிந்தனர். தயமின் ஊசி உரிய நேரத்தில் ஏற்றப்பட்டால் குழந்தை மிக விரைவில் தேறும். ஆகவே இந்த அடையாளங்களைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது. தாயின் உணவைத் திருத்த வேண்டும்.

பி2 (றைபோபிளேவின்): வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பு, உதட்டுப் புண், நாக்குச் சிவந்து நோதல், கண் கூசுதல் என்பன தோன்றும். பாடசாலைப் பிள்ளைகளிடம் இதை அதிகம் காணலாம். பால், தயிர், முட்டை, கீரை என்பன இல்லாத உணவே காரணம்.

பி3 (நியாசின்): இது குறைந்தால் ‘பெலக்ரா’ என்னும் நோய் வரும். வெயில் படும் கழுத்து, கை, கால் ஆகிய இடங்களில் தோல் கறுத்துத் தடித்து உரியும். வயிற்றோட்டமும் மனக் குழப்பமும் சேரும். சோளனையே முழு உணவாகக் கொள்வோருக்கு இது வருவதுண்டு. சோளனோடு கச்சான், பயறு, மீன் என்பவற்றைச் சேர்த்து உண்டால் பயமில்லை.

போலிக் அமிலம்: இரத்தம் உற்பத்தியாவதற்கும், கருவிலுள்ள பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் சரியாக அமைவதற்கும் இது வேண்டும். ‘போலிக்’ என்ற பெயரே இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர் 1928 முதல் பம்பாயில் ஆலைத் தொழிலாளரான ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். மதுவத்திலிருந்து செய்யப்படும் மலிவான ‘மார்மைற்’ கொடுத்தபோது அவர்கள் தேறினர். அதில் இருந்த காரணப்பொருள் போலிக் அமிலமே என்பது பின்னர் தெளிவாயிற்று. இலங்கையில் 1934–1935இல் மலேரியா பெருவாரியாகப் பரவியபோது சூரியமல் இயக்கத்தினர் மெலிந்துபோன மக்களுக்கு மார்மைற் கொடுத்ததும் வரலாறு.

பி12: இதுவும் இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டியது. மீன், இறால், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றில் மட்டுமே உண்டு. இலை கிழங்குகளில் இல்லை. மாமிசம் உண்ணாதவர்கள் தயிரையும் பாலையும் விடலாகாது.

ஒரு எச்சரிக்கை. கால் வீக்கம் சிறுநீரக நோயாலும் கர்ப்பகால இரத்த அழுத்தத்தாலும் வரலாம். இரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவும் கொக்கிப்புழுவும் காரணமாகலாம். ஆகவே நாமாகவே நோயைத் தீர்மானித்து மாத்திரை வாங்கி விழுங்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

வேறு நாட்டு முகாம்கள் கற்பித்தவை

1990களின் தொடக்கத்தில் பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்ட நேபாள மொழி பேசும் மக்கள், பெரும்பாலும் விவசாயிகள், நேபாளத்தின் கிழக்கு மாவட்டங்களில் முகாம்களில் தங்கினர். அவர்களுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி பங்கிடப்பட்டது. அரிசிக்குக் குறைவில்லை, ஆயினும் பெரிபெரி தோன்றியது. வெள்ளை அரிசிக்குப் பதிலாகப் புழுங்கல் அரிசி கொடுக்கப்பட்ட பின் அது தணிந்தது. ஆனால் அந்த முகாம்களிலேயே பின்னர் இளம் பிள்ளைகளிடம் வாயோர வெடிப்புப் பரவலாகக் காணப்பட்டது. அரிசியைத் திருத்தியதால் பி1 கிடைத்தது, பி2 கிடைக்கவில்லை.

அதே காலத்தில், 1990இல், மொசாம்பிக்கிலிருந்து மலாவிக்குச் சென்ற அகதிகளிடையே 18,000க்கும் மேற்பட்டோருக்குப் பெலக்ரா கண்டது. அவர்களின் முக்கிய உணவு சோளன் மா. நியாசினைக் கொடுத்துவந்த கச்சான் பங்கீடு தடைப்பட்டதே நோய்க்குக் காரணம்.

இந்த இரண்டிலும் எமக்குப் பாடம் உண்டு. நல்ல அரிசி அடித்தளம். ஆனால் அரிசி மட்டும் போதாது. ஒரு பிடி கச்சான் ஆயிரக்கணக்கானோருக்கும் நோய்க்கும் நடுவே வேலியாக நின்றிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. அரிசியைத் தெரிந்து வாங்குதல்: கடையில் நாட்டரிசி, சம்பா என்று விற்பவை பெரும்பாலும் புழுங்கல் அரிசியே. வெள்ளைப் பச்சையரிசியை அன்றாடச் சோற்றுக்குக் கொள்ளாமல் விடுவது நல்லது. சிவப்பரிசியானால் சிவப்புத் தோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவிடு நீங்காத அரிசி விரைவிற் சிக்கு மணம் வைக்கும், வண்டும் பிடிக்கும். எனவே இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்கலாம்.

2. நெல் கிடைத்தால் அவித்தல்: பதர் நீக்கிய நெல்லை ஒரு பகலும் ஓர் இரவும் ஊறவைத்து, மணம் பிடிக்காதபடி இடையில் இரண்டு முறை நீரை மாற்ற வேண்டும். பிறகு நீரை வடித்து, அடியில் சிறிது நீர் விட்டுச் சாக்கால் மூடி, உமி நுனியில் வெடிக்கும்வரை அவிக்க வேண்டும். முதலில் வெயிலிலும் பின் நிழலிலும் உலர்த்தினால் அரிசி நொறுங்காது. ஆலையில் ஒரு தடவை மட்டும் குற்றித் தரும்படி கேட்க வேண்டும். தனித்தனியே பானை இல்லாத இடத்தில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பீப்பாயில் அவிக்கலாம், விறகும் மிச்சமாகும்.

3. நீரைக் காத்தல்: அரிசியை ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை கழுவினாற் போதும். கல்லும் தூசியும் இருந்தால் முதலில் சுளகில் புடைக்கலாம். நீர் வற்றும்படி அளவாக வைத்துச் சமைப்பது சிறந்தது. வடித்தால் அந்தக் கஞ்சியை உப்பிட்டுக் குடிக்க வேண்டும். பழஞ்சோற்றின் தண்ணீரையும் ஊற்றிவிடக்கூடாது. ஆனால் சுத்தமான நீரில் ஊறவைத்து மூடி வைத்திருக்க வேண்டும்.

4. சோற்றோடு பருப்பு வகை: கௌபி, பயறு, உளுந்து, கச்சான், எள்ளு ஆகியவற்றுள் ஒன்று தினமும் சேர வேண்டும். 50 கிராம் கச்சானில் ஏறக்குறைய 0.45 மில்லிகிராம் தயமினும், அதே அளவு கௌபியில் 0.25 மில்லிகிராமும் உண்டு. பிள்ளைகளின் மாலைத் தேநீரோடு பிஸ்கற்றுக்குப் பதிலாக அவித்த பயறோ கச்சானோ கொடுக்கலாம். அவிக்கும்போது அப்பச்சோடா போடக்கூடாது. அது தயமினை அழித்துவிடும்.

5. இலைக்கறி: முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, முளைக்கீரை, கங்குன் ஆகியவற்றை முதலிற் கழுவி, பிறகு நறுக்கி, குறைந்த நேரம் சமைக்க வேண்டும். காணி சொந்தமில்லாவிட்டாலும் ஒரு முருங்கைக் கம்பு நட இடம் கிடைக்கும். பழைய சாக்கில் மண் நிரப்பிக் கீரை விதைக்கலாம்.

6. சிறுமீன்: வாவியிற் பிடிபடும் சிறுமீன், இறால், கூனி ஆகியவை விலை குறைந்தவை, சத்திற் குறைந்தவை அல்ல. வாரத்தில் சில நாளாவது இவற்றுள் ஒன்றும், இயன்றபோது முட்டையும் தயிரும் உணவிற் சேரட்டும்.

7. தேநீரும் வெற்றிலையும்: சாயம் கூடிய தேநீரிலும் பாக்கிலும் உள்ள பொருள்கள் தயமினைப் பயனற்றதாக்கும். ஆகவே சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமலும் போடாமலும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நன்று.

8. பிள்ளை பெற்றவளின் பத்தியம்: எம் பத்தியத்தில் மீனும் உள்ளியும் முருங்கையும் சேர்த்துக் கொடுப்பது நல்ல வழக்கம். ஆனால் இடம்பெயர்ந்த இடத்தில் பொருள் கிடைக்காமல் வெறும் சோறும் இரசமுமாக அது சுருங்கிவிடுகிறது. அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வீட்டில் ஒரு முட்டைதான் உண்டென்றால் அது பாலூட்டும் தாய்க்கே உரியது.

9. கிளினிக்: கர்ப்பிணிகள் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரைகளைத் தவறாது எடுக்க வேண்டும். கருத்தரிக்கத் தொடங்குமுன்னரே போலிக் அமிலம் எடுப்பது இன்னும் சிறந்தது. திரிபோஷா கிடைத்தால் அது உரியவரின் வயிற்றுக்கே போகட்டும். வீடு முழுவதும் பங்கிட்டால் ஒருவருக்கும் பயனில்லை. புதிய இடத்துக்கு வந்தவுடன் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிவது முதல் வேலை.

நிவாரணம் வழங்குவோரிடம் கேட்பதற்கும் நாம் தயங்கக்கூடாது. ‘அரிசி தாருங்கள்’ என்று கேட்கும் வாயால் ‘புழுங்கல் அரிசியாகத் தாருங்கள், பயறும் சேர்த்துத் தாருங்கள்’ என்றும் கேட்கலாம். அது பேராசையல்ல, நேபாளத்திலும் மலாவியிலும் பெரும் விலை கொடுத்துக் கற்ற அறிவு.

தானியேல் ஆகமத்தின் முதலாம் அதிகாரத்தில், சொந்த நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நான்கு இளைஞர் அரசனின் உணவை விட்டு, மரக்கறியையும் தண்ணீரையும் பத்து நாள் உண்டு நல்ல தோற்றத்தோடு விளங்கியதை வாசிக்கிறோம். அந்நிய இடத்தில் இருந்தும் தம் உணவைத் தாமே தெரிந்தெடுத்தார்கள் அவர்கள். நிலம் கைவிட்டுப் போனாலும் நெல்லைப் பற்றிய அறிவு எம் கையில் இருக்கிறது. அதை அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எம் கடமை.

குழுவாகக் கலந்துரையாட

1. ஊரில் இருந்தபோது ஒரு நாளில் நாம் உண்டவை எவை? இப்போது உண்பவை எவை? இரண்டையும் எழுதி ஒப்பிடுக.
2. எமது வீடுகளில் இன்று சமைப்பது பச்சையரிசியா, புழுங்கல் அரிசியா? எத்தனை தடவை கழுவுகிறோம்? கஞ்சி எங்கே போகிறது?
3. எம்மிடையே கர்ப்பிணிகளும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மாரும் எத்தனை பேர்? அவர்களுக்கு வாரத்தில் சில நாளாவது மீனோ முட்டையோ கிடைக்க அயலார் என்ன செய்யலாம்?
4. நெல் அவிக்கத் தெரிந்த மூத்தோர் எம்மிடையே யார்? இளையோருக்கு அவர்கள் கற்றுக்கொடுக்க ஒரு நாளைத் தீர்மானிக்க முடியுமா?